வெறுங்கேன் அனுப்பாத வீடு

"மிஸ், வாவிக்கு ஆர் சாயம் போட்டது?"

முப்லிஹா இதைக் கேட்டபோது அவளுக்கு முன்பற்கள் விழுந்து முளைக்காத வயது. காத்தான்குடி வாவிக்கரையில், அவளுடைய வாப்பாவின் சாயக்கொட்டிலுக்குப் பின்னால், சாயக்கழிவு ஓடும் கான் வாவியில் விழும் இடத்தில் ஜெனிற்றா குந்தியிருந்து போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கானின் வாயிலிருந்து செம்மஞ்சள் நிறம் விசிறிபோல் விரிந்து, கரைச் சதுப்பில் நிற்கும் கண்ணா மரங்களின் வேர்கள் வரைக்கும் போய்ப் படர்ந்திருந்தது.

ஜெனிற்றா பதில் தேடுவதற்குள் கொட்டிலுக்குள்ளிருந்து வாப்பா முனாப் சிரித்தார்.

"நான்தான் புள்ள, வேற ஆரு? நோன்புப் பெருநாள் வருதுல்லயா. வாவியும் ஒரு புதுச் சாறன் உடுக்கட்டுமே."

"மீனெல்லாம் கேட்டிச்சா வாப்பா?"

முனாப் கையிலிருந்த நூல்கழியைத் தொட்டிக்குள் அமுக்கினார். பெரியவர்கள் எத்தனையோ பேர் அந்தக் கானைப் பற்றி அவரிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் அவரிடம் பதில் இருந்தது. மகள் கேட்டதற்கு மட்டும் நூல்கழியை இன்னொருமுறை அமுக்கினார். குழந்தையின் வாயால் கடவுள் பேசுவார் என்று நம்புகிறவள் ஜெனிற்றா. போத்தலை மூடிக்கொண்டு எழும்பியபோது, இந்தக் கேள்வி தனக்கும் சேர்த்துத்தான் கேட்கப்பட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் மட்டக்களப்பு நகரத்துக் கத்தோலிக்கப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டு, மேற்படிப்புக்காக ஆய்வும் செய்துகொண்டிருந்தாள். அன்று அவள் கொண்டுபோன போத்தல், அதன்பின் வந்த வருஷங்களில் அவளுடைய முழு ஆய்வாகவே ஆகிப்போனது. அடிக்கடி தண்ணீர் எடுக்க வருவாள். வந்தால் முனாப்பின் மனைவி ஷாகிரா தேத்தண்ணி தராமல் விடமாட்டாள். அப்படி ஒருநாள் ஷாகிரா கேட்டாள்:

"அப்பிடி என்னதான் செய்றீங்க மிஸ்? எங்களுக்கு விளங்கிற மாதிரிச் செல்லுங்களேன்."

ஜெனிற்றா பையிலிருந்து உள்ளங்கை அளவான ஒரு கம்பிவலையை எடுத்துக் காட்டினாள். வெள்ளைப் பூஞ்சணம் பிடித்ததுபோல் இருந்தது.

"இந்த வெள்ளை முழுக்கக் கம்பி. நாக ஒக்சைட்டுக் கம்பி, துத்தநாகம்தான். தலைமுடியைவிட எத்தனையோ பங்கு மெல்லிசு. நான் செய்து ஒட்டினதில்ல, வெந்நீர்த் தொட்டிக்குள்ள வைச்சா தானா நாத்து மாதிரி முளைக்கும். மறுகா அந்தக் கம்பிக்கு மேல வெள்ளியை வளர்க்கவேணும். வெள்ளி எண்டா கொலுசு வெள்ளிதான், ஆனா தூளிலும் தூள்."

"கண்ணுக்குத் தெரியாத கம்பியில எப்பிடி மிஸ் தெரியாத தூளை ஒட்டுற?"

"கண்ணா வேரில மட்டி ஒட்டியிருக்கும் பார்த்திருக்கீங்கதானே? ஆரும் கொண்டுபோய் ஒட்டுறாங்களா? தண்ணிக்குள்ள குஞ்சா மிதந்து வந்து, பிடிக்கிற இடத்தில பிடிச்சு வளருது. அது மாதிரித்தான். கம்பி வெயிலை வாங்கும். பக்கத்தில வெள்ளி நிண்டாத்தான் அந்தச் சத்து வீணாகாமச் சாயத்தை உடைக்கும். தனித்தனிய விட்டா ரெண்டுக்கும் வேலை ஓடாது."

"எங்கட வீட்டுல மாதிரி," என்றார் முனாப் உள்ளேயிருந்து.

"இதுல வெயில்ல காயிற கம்பி நான். மினுங்கிற வெள்ளி அவராம்," என்றாள் ஷாகிரா. "கேட்டீங்களா மிஸ் நியாயத்தை?"

இப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த காலம் இரண்டாம் வருஷத்துச் சித்திரையோடு முடிந்தது. வாவியைப் பற்றி மேலிடத்தில் பேச்சு எழும்பி, சுகாதாரப் பரிசோதகர் அழகரத்தினம் ஒருநாள் கொட்டிலுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. மாரி மழை தொடங்குவதற்குள் சாயத்தண்ணீருக்கு ஒரு வழி செய்யவேண்டும், இல்லாவிட்டால் தொட்டிகளை மூடவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தொட்டிகளை நம்பி முனாப்பின் வீடு மட்டும் இல்லை. அந்தத் தெருவில் தறி ஓடும் வீடுகளுக்கெல்லாம் நூல் அங்கேயிருந்துதான் போனது. புருஷன் இல்லாத பெண்கள் சிலர் அந்தத் தறியில் உட்கார்ந்துதான் உலை வைத்தார்கள்.

"பயப்படாதீங்க நானா," என்று அண்ணன் முறை சொல்லித் தேற்றினாள் ஜெனிற்றா. "என்ட வலை ஆய்வுகூடத்தில நல்லா வேலை செய்யுது. இங்கயும் செய்யும்."

சொல்லிவிட்டாள். வாக்குக் கொடுக்கும்போது நாக்கு இலேசாகத்தான் இருக்கும்.

ஆவணி மாதத்தில் பெரிய வலைகளைச் செய்து கொண்டுவந்து, அகலத் தட்டில் விரித்து, சாயத்தண்ணீரை ஊற்றி வெயிலில் வைத்தாள். ஆய்வுகூடத்தில் மத்தியானத்துக்குள் வெளுக்கிற சாயம், அங்கே மாலை அஸர் பாங்கு சொல்லியும் அப்படியே கிடந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலையிலிருந்த சாம்பல் மினுக்கம் கழன்று தட்டின் அடியில் போய்ப் படிந்தது.

"நானா, இந்தத் தண்ணியில உப்பு எவ்வளவு?"

முனாப் மூலையில் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகளைக் கையால் காட்டினார். "உப்புப் போடாம நூல்ல சாயம் எப்பிடி மிஸ் பிடிக்கும்? கறிக்குப் போடுற மாதிரிக் கிள்ளியா போடுற?"

அவள் படித்ததுதான். ஆனால் படித்ததற்கும் மூட்டை மூட்டையாய்க் கண்ணால் காண்பதற்கும் வித்தியாசம் இருந்தது. ஆய்வுகூடத்தில் அவள் சாயத்தைச் சுத்தத் தண்ணீரில் கரைத்தல்லவா பார்த்தாள்! உப்பு வெள்ளியைக் கண்டால் சும்மா விடாது. வெயிலில் வேலை செய்யத் தொடங்கிய வெள்ளியை அது கம்பியிலிருந்து பிய்த்து எடுத்துவிட்டது.

ஜெனிற்றாவுக்கு யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வலைகளைக் கழுவித் தீர்ந்துபோன காய்ச்சி வடித்த தண்ணீரின் வெறுங்கேனைக்கூட எடுக்க மறந்து, "வாறன் நானா" என்று சொல்லிக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் தட்டினாள். தோற்றுப் போகிறவளைப் பார்ப்பதுபோல் இல்லாமல், காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு ஷாகிரா வாசல் படலைவரைக்கும் வந்து நின்றாள்.

ஜெனிற்றாவின் மனதில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. வெள்ளியை இன்னும் தடிப்பாக, இன்னும் இறுக்கமாக வளர்த்தால் உப்பைத் தாங்கக்கூடும். ஆனால் வெள்ளியைத் தரும் இரசாயனக் குப்பி ஒன்றுதான் மிச்சம். அடுத்தது கொழும்பிலிருந்து வர மாரி பிறந்துவிடும். ஆகவே இருந்த வலைகள் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு, இருந்த வெள்ளி முழுவதையும் விடுவதென்று முடிவு செய்தாள். அந்த வாரம் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்ததால் தண்ணீர் வடிக்கும் பொறி ஓடவில்லை. அலுமாரிக்குக் கீழே பார்த்தாள். அவளுடைய கையெழுத்து ஒட்டிய கேன் கழுத்துவரை நிறைந்து, வழக்கமான இடத்திலேயே இருந்தது. "கர்த்தரே, நல்லவேளை," என்று எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள். வெள்ளிக் கரைசலை மெதுவாய்ச் சாய்த்தாள்.

தேங்காய்ப்பால் விட்டதுபோல் தொட்டி முழுதும் வெளுத்தது.

தண்ணீரில் உப்பு இருந்தால்தான் வெள்ளி அப்படிப் பாலாய்த் திரளும். உயர்தர வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். மிச்சமிருந்த வெள்ளி எல்லாம் போயிற்று. வலைகளும் போயின.

"பிலிப்பு அண்ணன்!" என்று அவள் கூப்பிட்ட சத்தத்தில் ஆய்வுகூட உதவியாளர் விளக்குமாற்றோடு ஓடிவந்தார். "இந்தக் கேனுக்குள்ள என்ன தண்ணி விட்டீங்க? எழுதியிருக்கிறதைக்கூட வாசிக்கேலாதா உங்களுக்கு?"

"நான் ஒரு சொட்டும் விடல்ல மிஸ். கேற்றடியில ஆரோ காத்தான்குடி ஆட்டோக்காரர் தந்திட்டுப் போனதாம். 'மிஸ்ஸுட கேன், பத்திரம்' எண்டு சொன்னவராம். நான் கொண்டுவந்து வைச்சது மட்டும்தான்."

கொட்டிலில் மறந்து வந்த கேனைக் கிணற்றுத் தண்ணீரால், அதிலிருக்கும் உப்போடு நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் கோபம் இடம் மாறியது.

"கேக்காம ஆர் அவங்களை நிரப்பச் சொன்னது? தெரியாத வேலையில ஏன் கைவைக்கிறாங்க? கெடுக்கிறதுக்கெண்டே!"

பிலிப்பு தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கெடுக்கிறதுக்கு ஆரும் ஆட்டோவில வைச்சுக் கொண்டுவந்து தரமாட்டாங்க மிஸ்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூட்டப் போய்விட்டார்.

அந்தச் சொல் அவளைச் சுட்டது. ஆனாலும் கோபம் உடனே இறங்கவில்லை. வலைகளை எடுத்து, எறிவதற்கும் மனம் வராமல், ஜன்னலோரம் விரித்துவிட்டு வீட்டுக்குப் போனாள். செபமாலை சொல்லும்போது விரல்தான் மணியில் ஓடியது. மனம் முனாப்பின் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில், "நான் இண்டைக்குச் சொன்ன சொல்லுக்கு என்னை மன்னியும்" என்பதைத் தவிர அவளுக்கு வேறு செபம் வரவில்லை.

மறுநாள் திரும்பி வந்தபோது வெயில் ஜன்னலை நிறைத்திருந்தது. வலைகள் வெள்ளையாய் இல்லை. கத்தரிப்பூ நிறத்துக்கு மாறி, ஓரங்களில் நாவல்பழத் தோல்போல் கறுத்திருந்தன. குப்பைக்கென்று சுருட்டப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உப்போடு சேர்ந்த வெள்ளி வெளிச்சம் பட்டால் கறுக்கும். கறுக்கிறதென்றால், அதில் ஒரு பங்கு மறுபடியும் வெறும் வெள்ளியாய்ப் பிரிந்து மேலே நிற்கிறது என்று அர்த்தம். கம்பி, அதன்மேல் உப்பு கொண்ட வெள்ளி, அதற்கும் மேலே தூள் வெள்ளி. இப்படி மூன்றும் கூடினால் வெயிலில் சாயத்தை உடைக்கும் என்று யாரோ எழுதியதை அவள் எப்போதோ வாசித்திருந்தாள். தன்னுடைய வழிதான் வழி என்ற பிடிவாதத்தில் அதைத் தாண்டிப் போனவளும் அவள்தான்.

ஒரு துண்டை வெட்டினாள். முனாப்பின் கொட்டிலிலிருந்து கொண்டுவந்த செம்மஞ்சள் தண்ணீரை, உப்பும் எல்லாமுமாய், ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றித் துண்டை உள்ளே விட்டு வெயிலில் வைத்தாள். பக்கத்தில் வலை போடாத இன்னொரு குவளையும் வைத்தாள். சாப்பிடப் போகவில்லை. செம்மஞ்சள் மெல்ல மெல்லத் தேன் நிறமாகி, தேன் நிறம் வைக்கோல் நிறமாகி, சாயங்காலத்துக்குள் குவளைக்குப் பின்னாலிருந்த ஜன்னல் கம்பி தெளிவாய்த் தெரிந்தது. மற்றக் குவளை அப்படியே இருந்தது. வலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் கழன்றிருக்கவில்லை. உப்போடு ஏற்கெனவே குடும்பம் நடத்திய வெள்ளிக்கு இனி உப்பைக் கண்டு என்ன பயம்!

"பிலிப்பு அண்ணன்," என்று கூப்பிட்டாள். இந்த முறை சத்தம் வேறு. "நேத்து நான் கத்தினதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்க."

"நேத்து ஆர் மிஸ் கத்தின?" என்றார் அவர், குவளையைப் பார்த்துக்கொண்டு.

அந்த வாரத்திலேயே கொட்டிலின் முற்றத்தில் தட்டுகள் விரிந்தன. அழகரத்தினம் கதிரை போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து எழும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முனாப் தொப்பியைப் போடுவதும் கழற்றுவதுமாக நடந்தார். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்தவர் தட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தன் முகமே தெரிந்தது.

"மாஷா அல்லாஹ். இவ்வளவு வயசா போச்சு எனக்கு?" என்றார்.

அழகரத்தினம் ஒரு குவளையில் அள்ளி வெளிச்சத்துக்குப் பிடித்தார். "நிறம் போயிற்று பிள்ளை. நஞ்சும் போயிற்றோ?"

"முழுக்கப் போச்சு எண்டு சொல்லமாட்டன் ஐயா. உப்பும் போகாது, வாவியும் உப்புத்தானே. வெள்ளி கழன்று வருதா எண்டும் பார்க்கவேணும். ஒவ்வொரு கிழமையும் நான் தண்ணி எடுத்துச் சோதிச்சுத் தருவன்."

"வெயில் இல்லாத நாளில?"

"வெயில் இல்லாட்டி நூல் காயாது சேர்," என்றார் முனாப். "நூல் காயாட்டி நான் தொட்டியே வைக்கமாட்டன். வலைக்கும் எனக்கும் ஒரே நாள்தான் லீவு."

அழகரத்தினம் சிரித்தேவிட்டார். வாராவாரம் சோதனை ஒழுங்காக வந்தால் தொட்டிகள் ஓடலாம் என்றார். முப்லிஹா முற்றத்துக்கு ஓடிவந்து தட்டுக்குள் கையை விட்டுப் பார்த்து, "சாயம் எங்க போச்சு?" என்றாள். அவளுக்குக் கேள்வி முடிவதே இல்லை.

அழகரத்தினம் போனபின் ஷாகிரா தேத்தண்ணியும் தித்திக்கும் வட்டிலப்பமும் கொண்டுவந்து வைத்தாள். ஜெனிற்றா குவளையை எடுத்தபோது முனாப் பெருமூச்சு விட்டார்.

"குடியுங்க மிஸ், குடியுங்க. அண்டைக்கு எனக்குக் கிடைக்காதது."

"எண்டைக்கு?"

"உங்கட கேன் போன அண்டைக்கு. பைப் தண்ணி வராத கிழமை. பள்ளிக் கிணத்துல வீட்டுக்கு ஒரு குடம்தான் முறை. அந்தக் குடத்தைத் தூக்கி உங்கட கேனுக்குள்ள ஊத்திட்டா இவ. தேத்தண்ணி கேட்டா மூக்கால மூச்சு விடுறா. பக்கத்து வீட்டுலயும் கேக்க விடல்ல."

"வாயை வைச்சுக்கிட்டுச் சும்மா இரிங்களேன்," என்றாள் ஷாகிரா, முகம் சிவந்து. பிறகு ஜெனிற்றாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஒருத்தர்ர ஏனத்தை வெறுசாத் திருப்பி அனுப்புறல்லயே மிஸ். எங்கட உம்மாட வீட்டுலயும் பழக்கமில்ல. நீங்கதானே செல்லுவீங்க, இந்தக் கேன்ல நல்ல தண்ணி இல்லாட்டி வேலை ஓடாது எண்டு. எங்களுக்கிட்ட இரிக்கிறதில நல்ல தண்ணி அதுதான். அண்டைக்கு நீங்க போன முகத்தைப் பார்த்து எனக்குத் தாங்கல்ல. அந்தத் தண்ணி உதவிச்சா மிஸ்?"

ஜெனிற்றா குவளையைக் கீழே வைத்தாள். அந்தக் கேனைப் பற்றித் தான் என்ன சொன்னாள் என்று நினைத்துப் பார்த்தாள். கெடுக்கிறதுக்கெண்டே! அந்த நேரத்தில் இந்த வீட்டில் ஒரு மனிதர் தேத்தண்ணி இல்லாமல் சாயத்தொட்டியின் சூட்டில் நின்றிருக்கிறார்.

"அந்தத் தண்ணியாலதான் எல்லாம் சரி வந்தது, ராத்தா," என்றாள். அது உண்மை. பாலாய்த் திரண்டதையும் தான் கத்தியதையும் அவள் சொல்லவில்லை. ஷாகிராவை நோகச் செய்கிற பங்கை அவள் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

"நல்ல தண்ணிதானே," என்றாள் ஷாகிரா, அதில் வியக்க ஒன்றும் இல்லாததுபோல்.

கடன் என்று ஒன்று மனதில் விழுந்துவிட்டால் ஜெனிற்றாவுக்கு நித்திரை வராது. ஒரு குடம் தண்ணீர். கொண்டுபோய்க் கையில் கொடுத்தால் போதுமே என்று நினைத்தாள். நினைத்தவுடனேயே அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஷாகிராவின் கையில் கொடுத்தால், கேன் வெறுசாகத் திரும்பி வருமா? தண்ணீரோ தேனோ அரிசிமாவோ, ஏதாவது நிறைந்துதான் வரும். கடன் இரட்டிக்கும். அந்த வீட்டுக் கடனைத் தீர்க்கவேண்டுமானால் அந்த வீட்டில் யாரும் இல்லாத நேரம்தான் பார்க்கவேண்டும்.

அண்ணன் அன்ரோ கலியாணம் முடித்து உன்னிச்சையில் வயல் செய்கிறான். அவனுடைய வளவுக் கிணற்றில் எந்தக் கோடையிலும் நல்ல தண்ணீர் ஊறும். ஞாயிறு பூசை முடிந்து அங்கே போனவள் கேனைக் கொதிநீரால் கழுவி, கிணற்றில் அள்ளி நிரப்பிக்கொண்டு வந்தாள். "உன்ட ஆய்வுக்கு எங்கட கிணறா?" என்று அண்ணன் கேட்டதற்கு, "ஓம், ஒரு முக்கியமான ஆய்வு" என்றாள்.

வாராந்தச் சோதனைத் தண்ணீர் எடுக்க வெள்ளிக்கிழமை வருவதாக அவள் சொல்லியிருந்தாள். "ஜும்மா நேரம் வந்தா ஒருத்தரும் இரிக்கமாட்டம் மிஸ்," என்று ஷாகிரா சொல்லியிருந்தாள். "நானும் மகளும் புதுசாப் பிறந்த பிள்ளை பார்க்கப் போறம். படலை சும்மாதான் சாத்தியிரிக்கும், வந்து உங்கட வேலையைப் பாருங்க." ஜெனிற்றா சரியாக ஜும்மா நேரம் வந்தாள்.

முற்றத்தில் வெயில் மட்டும் இருந்தது. தட்டுகளில் நீலச்சாயம் பாதி வெளுத்துக் கிடந்தது. பள்ளிவாசலிலிருந்து குத்பா ஓதும் சத்தம் காற்றில் வந்தும் போயும் கொண்டிருந்தது. பின்கட்டில் தேத்தண்ணிக்கென்று வைத்த குடம், தட்டு மூடி, அதன்மேல் சிரட்டை கவிழ்த்து இருந்தது. மூடியை எடுத்துப் பார்த்தாள். அரைவாசிக்கும் கீழே. கேனைச் சாய்த்துச் சத்தம் கேட்காமல் ஊற்றினாள். தண்ணீர் கழுத்துக்கு ஏறி, விளிம்பில் ஒரு கணம் தளும்பி அடங்கியது. சிந்திய இரண்டு துளியைக் கைலேஞ்சியால் ஒற்றிவிட்டு, மூடியை மூடி, சிரட்டையை இருந்த மாதிரியே கவிழ்த்து வைத்தாள்.

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கானின் வாய்க்குப் போய்க் குந்தினாள். கண்ணா வேர்களுக்கிடையில் தண்ணீர் தண்ணீரின் நிறத்திலேயே கிடந்தது. போத்தலை நிரப்பிக்கொண்டு திரும்பியவள், படலைக்குப் போவதற்கு முன், வெறுங்கேனைத் தன் மழைக்கோட்டால் சுற்றி மோட்டார் சைக்கிளின் பின்னால் இறுக்கிக் கட்டினாள். தெருவில் எதிரே ஷாகிரா வந்தாலும் வரக்கூடும். அவள் கண்ணில் அது படக்கூடாது.